பழுதுநீங்கிய உலை

நீலகிரியில் 1932இல் மின்னாக்கம் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தில் ஒரு சுழலி பழுதுபட்டால், நீர்வரத்தை அடைத்துவிட்டுப் பொறியாளர் அதன் அருகே செல்லலாம். கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பழுதை அறியலாம். அணு உலையின் உட்பகுதியில் அது இயலாது.

கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. 1987 மே மாதம், எரிபொருள் தொகுதியொன்றை உலைக்குள் இடம்மாற்றியபோது விபத்து நேர்ந்தது. வழிகாட்டுக் குழாய் வளைந்து சிக்கிக்கொண்டது. சில தொகுதிகளும் சிதைந்தன. உலையைக் குளிர்விக்கும் உருகிய சோடியத்தின் ஊடே எதனையும் காண முடியாது. காற்றுப்பட்டால் அது தீப்பற்றும். கதிர்வீச்சோ மனிதரை அண்டவிடாது. ஆகவே, தனிக் கருவிகளை உருவாக்கி, வளைந்த குழாயைத் தொலைவிலிருந்தே அறுத்து, இரு துண்டுகளாக வெளியே எடுத்தனர்.

1989 மே மாதம் உலை மீண்டும் இயங்கியது. இவ்வாறு பழுதுநீங்கிய உலையை உடனே முழுத்திறனுக்கு உயர்த்துவதில்லை. கட்டுப்படுத்தும் கழிகளைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நியூட்ரான் பெருக்கத்தையும் வெப்பநிலையையும் அளப்பர். ஆணையிட்டவுடன் கழிகள் உரிய நேரத்தில் இறங்கி உலையை நிறுத்துகின்றனவா எனச் சோதிப்பர். அளவும் கணக்கும் ஒத்தால் மட்டுமே அடுத்த படி, ஒவ்வாவிடில் நிறுத்தம்.

படிப்படியாக வளர்ந்த அவ்வுலையின் மின்சாரம் 1997 சூலையில் மின்கட்டமைப்பை அடைந்தது. வடிவமைப்பின்படியான 40 மெகாவாட் வெப்பத்திறனை அது எட்டியது 2022 மார்ச்சில்தான்.

‘சரிசெய்துவிட்டோம்’ என்பது நம்பிக்கை. ‘சரியாக உள்ளது’ என்பது சோதனை தரும் சான்று. முன்னதைப் பின்னதாகக் கொள்ளாமையே அறிவியல் நெறியாகும்.