ஒளியேற்றும் பாட்டிமார்

இராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்னும் சிற்றூர் உள்ளது. 1972ஆம் ஆண்டு பங்கர் ராய் அங்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வெறுங்கால் கல்லூரி எனப் பொருள்படும் ‘பேர்ஃபுட் காலேஜ்’ என்பது அதன் பெயர். அங்கே பயில்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

மின்கம்பி எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. அதன் புகையில் படிப்போர்க்குக் கண் எரியும். விளக்குக் கவிழ்ந்தாலோ குடிசையே எரியும். சூரிய விளக்கு இத்துன்பத்தைப் போக்குகிறது. கூரைமேல் உள்ள தகடு வெயிலை மின்சாரமாக மாற்ற, மின்கலம் அதனைச் சேமித்து இரவில் வழங்குகிறது. ஆயினும் ஒரு கம்பி விடுபட்டாலும் விளக்கு அணைந்துவிடும். பழுது நீக்குபவர் தொலைவில் உள்ள நகரத்தில் இருந்தால், அவ்வீட்டில் மீண்டும் மண்ணெண்ணெய்தான். விளக்கை வழங்குவது எளிது. தொடர்ந்து எரியச் செய்வதே அரிது.

அப்பணிக்கு யாரைப் பயிற்றுவது? இளைஞர்கள் சான்றிதழ் பெற்றதும் வேலை தேடி நகரத்திற்குச் சென்றுவிடுகின்றனர் என்பது ராய் கண்ட பட்டறிவு. எனவே, ஊரைவிட்டு நீங்காத நடுவயதுப் பெண்களை, குறிப்பாகப் பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்தார். இந்தியச் சிற்றூர்களிலிருந்து மட்டுமன்றி, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் திலோனியாவிற்கு வந்து ஆறு மாதம் தங்கிப் பயின்றனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. சைகையும் வண்ணமுமே அங்குப் பாடமொழி. மின்தடையின்மேல் உள்ள வண்ணப் பட்டைகளை நீங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் கண்டிருப்பீர்கள். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2 எனச் செல்லும் அவ்வரிசையில் மேல்வகுப்பு மாணவரே தடுமாறுவதுண்டு!

பயிற்சி முடித்து ஊர் திரும்பும் பெண், விளக்குகளைப் பொருத்துகிறார், பழுதும் நீக்குகிறார். முன்பு மண்ணெண்ணெய்க்குச் செலவிட்ட தொகையை ஒட்டி, ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணம் செலுத்துகிறது. ஊர்க்குழு அதனைத் திரட்டி அவருக்கு ஊதியம் வழங்குகிறது. ஏழைகளிடம் கட்டணம் பெறலாமா என நீங்கள் கேட்கலாம். கட்டணம் நின்றால் ஊதியம் நிற்கும். ஊதியம் நின்றால் பழுது நீக்க ஆளிராது.

சொற்பொருள்
பட்டறிவு – அனுபவம். அரிது – கடினமானது. திரட்டி – ஒன்றுசேர்த்து

வினாக்கள்
1. இளைஞர்களை விடுத்துப் பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
2. பொதுமொழி இல்லாத வகுப்பில் பாடம் எவ்வாறு நடைபெற்றது?
3. விளக்கை இலவசமாக வழங்குதல், கட்டணம் பெற்று வழங்குதல் – இவற்றுள் எது சிறந்தது? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.