பீரோ ஆடினால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்

கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டியபோது இரவு பத்தரை மணி. "ஏனுங் தம்பி, ராத்திரியில மில்லு ஏதாச்சும் ஓட்டறீங்களா? கட்டில்ல படுத்தா முதுகுல தெரியுதுங்க. பீரோ கதவு தானா ஆடுது" என்றார். குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய அவரிடம் மன்னிப்புக் கேட்டு, உடனே எல்லாவற்றையும் அணைத்தேன்.

அன்றுதான் புதிய 12 அங்குல சப்வூஃபரில் முதன்முறையாக ஒரு முழுப் படம் ஓட்டியிருந்தேன். எங்கள் ஹாலிலும் நிலைமை சரியாக இல்லை. படத்தில் வெடி வெடிக்கும்போதெல்லாம் பேஸோடு சேர்ந்து எங்கிருந்தோ ஒரு 'ஜிர்ர்' வந்தது. சப்வூஃபர் கிழிந்த குரலில் பாடுவதாக நினைத்து, மறுநாளே கடைக்குப் போனேன். "அடியில பஞ்சு மேடை ஒண்ணு போடுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். வாங்கிப் போட்டேன். ஜிர்ர் அப்படியே இருந்தது, கீழ் வீட்டு பீரோவும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மேடை, பெட்டியின் அதிர்வு தரைக்கு இறங்காமல் தடுப்பதற்கானது. அமெரிக்க வீடுகளில் மாடித் தரை பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்தது. அங்கே பெட்டி அதிர்ந்தால் தரையே முரசாகிவிடும், மேடை நல்ல பலன் தரும். நம் தளமோ கம்பி கட்டிய கான்கிரீட். பதினெட்டு கிலோ பெட்டி உலுக்கி அதை ஆட்டுவது கடினம். நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் காற்று வழியாகத்தான் வருகிறது. சப்வூஃபர் அறையின் காற்றை அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தம் சுவரையும் கண்ணாடியையும் கதவையும் நெம்புகிறது. எது தளர்வாக இருக்கிறதோ அது சத்தம் போடுகிறது. 1974இல் 'எர்த்குவேக்' படத்துக்காக சென்சரவுண்ட் என்ற பேஸ் முறையைக் கொண்டுவந்தபோது, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழாமலிருக்க வலை கட்டினார்கள். தியேட்டருக்கே அந்தக் கதி என்றால் நம் ஹால் எம்மாத்திரம்.

எனவே காசு செலவழிக்கும் முன் வேட்டைக்குப் போகச் சொல்வேன். போனில் ஒலி அலை எழுப்பும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மிக மெதுவாக நகர்த்துங்கள். வால்யூமைக் குறைவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒரே சீரான அலையை உரக்க நீண்ட நேரம் விட்டால் சப்வூஃபரின் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) சூடேறிக் கெட்டுப்போகும். இது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. நான் போனை நகர்த்த, என் மனைவி ஒவ்வொரு பொருளாகக் கைவைத்து அழுத்திப் பார்த்தாள். கை பட்டதும் சத்தம் நின்றால் அதுதான் குற்றவாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. 34 ஹெர்ட்ஸில் டியூப்லைட் பட்டி. 41இல் எங்கள் பீரோ, அதுவும் கதவு மட்டுமல்ல, பூட்டில் தொங்கிய சாவிக்கொத்தும். 47இல் ஷோகேஸின் நகரும் கண்ணாடி. அதற்குமேல் ஜன்னல் கொக்கி, ஏசியின் காற்றுத் தடுப்புப் பட்டை, பரண் கதவுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் தாம்பாளங்கள். கடைசியாக சப்வூஃபரின் பின்பக்கம், பெட்டியின் மரத்தை உரசிக்கொண்டிருந்த அதன் ஒயரே ஒரு ஓசையைக் கிளப்பியது. நான் கிழிந்த குரல் என்று நினைத்ததில் பெட்டியின் பங்கு அந்த ஒயர் மட்டும்தான்.

மருந்தெல்லாம் மலிவு. பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி ஷோகேஸ் கண்ணாடியின் தடத்தில் செருகினேன். நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வில்லைகள் பரண் கதவிலும் சுவரில் மாட்டிய படங்களின் பின்னாலும் போயின. தாம்பாளங்களுக்கு நடுவே துணி, ஜன்னல் சட்டத்தில் ரப்பர் பீடிங். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, ஆடிய காலுக்கு அட்டை கொடுத்தேன். சாவிக்கொத்து ஆணிக்குப் போயிற்று. டியூப்லைட்டையும் சுவிட்சு போர்டையும் மட்டும் எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து முடுக்கச் சொன்னேன். அதில் நீங்களே கைவைக்காதீர்கள்.

எங்கள் பீரோ ஏன் 41இல் அவ்வளவு ஆடியது? எங்கள் ஹாலின் நீளம் 14 அடி. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் சுமார் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அலை இரு சுவர்களுக்கு இடையே கச்சிதமாகப் பொருந்தி நின்று வீங்குகிறது. அழுத்தம் சுவரோரங்களில்தான் உச்சம். நான் பெட்டியை மூலையில் வைத்திருந்தேன், பீரோவும் எதிர்ச்சுவரை ஒட்டியிருந்தது. அங்கேதான் வினை. பெட்டிக்குச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரை நாம் உட்காரும் சோபாவின் மேல் தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓட்டிவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழ்ந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அதுவே பெட்டிக்கு இடம். எனக்கு அது மூலையிலிருந்து மூன்றரை அடி தள்ளி அமைந்தது. ஒலி கொஞ்சம் இறங்கியது. ஆனால் அந்த ஒற்றைச் சுர முழக்கம் போய், தவில் தவிலாகவும் பேஸ் கிடார் கிடாராகவும் கேட்டன. இடம் மாற்றிய பிறகு, அறையை மைக் வைத்து அளக்கும் ரிசீவரின் சோதனையை மறுபடி ஓட்ட மறக்கக் கூடாது. ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழானதை சப்வூஃபருக்குப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் சுவரில் ஒட்டுவது வீண். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், அரை அங்குலப் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது.

இவ்வளவுக்குப் பிறகும் கீழ் வீட்டு அம்மாவின் கணக்கு தீரவில்லை. கான்கிரீட்டையும் தாண்டி இறங்கும் பேஸைத் தடுக்க, அறைக்குள் அறை கட்டினால்தான் உண்டு. வாடகை வீட்டில் அது நடக்காது. போனின் டெசிபல் செயலியை நம்பியும் பயனில்லை. அவை வழக்கமாகக் காட்டும் ஏ-வெயிட்டிங் அளவு 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் குறைத்துக் காட்டும். எண் சின்னதாக இருக்கும், பீரோ ஆடிக்கொண்டிருக்கும்.

ஆகவே அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு மாலை அவருடைய படுக்கையறையில் போய் உட்கார்ந்தேன். மேலே மனைவி அதே படத்தின் அதே காட்சியை ஓட்டினாள். போனில் பேசிக்கொண்டே சப்வூஃபர் அளவை ஒவ்வொரு படியாக இறக்கச் சொன்னேன். எட்டு டெசிபல் இறங்கியதும் பீரோ அடங்கியது. "இப்ப ஒண்ணும் தெரியலீங்க" என்றார். அந்த இடத்தில் சுழல் குமிழில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறோம். ஒன்பது மணிக்கு மேல் குமிழ் அதைத் தாண்டாது, பத்துக்கு மேல் சப்வூஃபர் ஓடவே ஓடாது.

நீங்களும் சப்வூஃபர் வாங்கியிருந்தால், இந்த வாரமே ஒருநாள் கீழ் வீட்டில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.