இரவில் பறந்த மங்கையர் படை

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைப் படிக்கும்போது சர்ச்சில், ஸ்டாலின், ஹிட்லர் என்று ஆடவர் பெயர்களே வரிசையாக வருகின்றன. அதே போரில், படைத்தலைவி முதல் விமானத்தில் குண்டு மாட்டுபவர் வரை அனைவரும் பெண்களாகவே அமைந்த வான்படைப் பிரிவு ஒன்றும் இருந்தது என்பதை மாணவியருள் எத்தனை பேர் அறிவர்? சோவியத் நாட்டின் 588ஆம் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவுதான் அது.

இதற்கு வித்திட்டவர் மரீனா ரஸ்கோவா அம்மையார். 1938ஆம் ஆண்டு இரு பெண்களுடன் மாஸ்கோவிலிருந்து கீழ்க்கோடிச் சைபீரியா வரை இடைநில்லாமல் பறந்து சாதனை படைத்தவர். அப்பயணத்தின் இறுதியில் எரிபொருள் தீர்ந்து, காட்டிற்குள் பாராசூட்டில் குதித்து, பத்து நாள் தனியே அலைந்து உயிர் மீண்டவர். 1941 ஜூனில் ஜெர்மானியர் படையெடுத்தபோது, தங்களையும் போருக்கு அனுப்புமாறு இளம்பெண்கள் பலர் அவருக்கு எழுதினர். அவர் அரசிடம் வாதாடி, அவ்வாண்டு அக்டோபரில் மூன்று மகளிர் வான்படைப் பிரிவுகளுக்கு ஆணை பெற்றார். அவற்றுள் ஒன்றே நாம் காணும் பிரிவு.

வால்கா நதிக்கரையிலுள்ள எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது. சேர்ந்தவர்கள் கல்லூரி மாணவியர், ஆசிரியைகள், தொழிற்சாலைப் பெண்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். முதல் கட்டளை, நீண்ட பின்னலை வெட்டிவிட வேண்டும் என்பது! கொடுத்த உடுப்போ ஆண்களுக்குத் தைத்தது. பூட்ஸ் பெரிதாக இருந்ததால் உள்ளே காகிதமும் துணியும் திணித்து அணிந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியதைச் சில மாதங்களில் கற்றார்கள். 1942 மார்ச்சில் பனிப்புயலில் சிக்கி, பயிற்சியிலேயே நால்வர் இறந்தனர்.

இவர்களுக்குக் கிடைத்த விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போ-2 என்பது அதன் பெயர். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். புதியவர்களுக்குப் பறக்கக் கற்பிக்கவும் வயல்களில் மருந்து தெளிக்கவும் பயன்பட்டது. எஞ்சினுக்கு ஏறத்தாழ நூறு குதிரைசக்தி. மணிக்கு 150 கிலோமீட்டரை எட்டுவதே அரிது. மேலே கூரை இல்லை. முன்னிருக்கையில் விமானி, பின்னிருக்கையில் வழிகாட்டி. ருஷியக் குளிர்கால இரவில் அத்திறந்த இருக்கையில் அமர்ந்திருப்பதை நினைத்தாலே நம் கை விறைக்கிறது! எடையைக் குறைப்பதற்காக 1944 வரை பாராசூட்டும் இல்லாமலேயே பறந்தார்கள்.

பகலில் இது எளிதில் சுடப்பட்டுவிடும். ஆகவே இரவைத் தேர்ந்தார்கள். இலக்கை நெருங்கியதும் எஞ்சினின் வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டு, காற்றில் சறுக்கிக்கொண்டே இறங்கி, குண்டைப் போட்டுவிட்டு மீண்டும் எஞ்சினை முடுக்கித் திரும்புவார்கள். கீழிருப்பவர்களுக்கு இறக்கைக் கம்பிகளில் காற்று உரசும் சீறலே கேட்கும். துடைப்பத்தில் பறக்கும் கிழவிகளைப் பற்றிய தங்கள் நாட்டுக் கதைகளை நினைத்து, ஜெர்மானியர் இவர்களை 'இரவுச் சூனியக்காரிகள்' என்று அழைத்தனர். ஒரு விமானம் போனதும் சில நிமிடங்களில் அடுத்தது வரும். விடியும்வரை எதிரிக்கு உறக்கம் கிடையாது.

தலைவி யெவ்தோகியா பெர்ஷான்ஸ்காயா அம்மையார் தரையிலும் ஒரு மாற்றம் செய்தார். ஒரு விமானத்திற்கு ஒரு குழு என்ற பழைய முறையை விட்டு, எரிபொருள் ஊற்றுவோர் ஒரு குழு, குண்டு மாட்டுவோர் ஒரு குழு என்று வேலையைப் பிரித்தார். திரும்பிய விமானம் சில நிமிடங்களில் மறுபடி கிளம்பியது. குண்டு மாட்டிய பெண்கள் இருட்டில், உறைபனியில், விரல் உணர்விற்காகக் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். விமானிகளைப் புகழ்பவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். நதேழ்தா போப்போவா என்னும் விமானி ஒரே இரவில் 18 முறை பறந்தது இவர்கள் உழைப்பினாலும்தான்.

1943 பிப்ரவரியில் இப்பிரிவு 'காவற்படை' என்னும் சிறப்புப் பட்டமும் 46 என்ற புதிய எண்ணும் பெற்றது. ஆனால் அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் இரவு, கூபான் பகுதியில், தேடுவிளக்குகள் எரிந்தும் எதிரியின் பீரங்கிகள் மௌனமாய் இருந்தன. காரணம், வானில் ஜெர்மானிய இரவுப் போர்விமானம் காத்திருந்தது. நான்கு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து விழுந்தன. எட்டுப் பெண்கள் மாண்டனர்.

போரைப் போற்றுவதற்காக இதனை எழுதவில்லை. குண்டு விழுந்த இடத்திலும் தாய் பெற்ற பிள்ளைகளே இருந்தனர். அப்படையின் பணிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது குண்டு வீசாத ஒன்று. 1943ஆம் ஆண்டின் இறுதியில் கிரிமியாவின் எல்டிகன் கடற்கரையில் சோவியத் வீரர்கள் எதிரியின் முற்றுகையில் சிக்கினர். கடல் வழியும் அடைபட்டது. அப்போது இப்பெண்கள் இரவுதோறும் மிகத் தாழப் பறந்து, உணவும் மருந்தும் தோட்டாக்களும் நிறைந்த மூட்டைகளை அவர்கள் நடுவே போட்டனர். மெதுவாகப் பறக்கும் விமானம் என்பதாலேயே அது இயன்றது.

யெவ்கேனியா ருத்னெவா மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வானவியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. விண்மீன்களை ஆராய விரும்பியவர் இப்பிரிவின் தலைமை வழிகாட்டியானார். 645 முறை பறந்து, 1944 ஏப்ரலில் கெர்ச் நகருக்கு அருகே விமானத்தோடு எரிந்து மடிந்தார். வயது 23. பிற்காலத்தில் ஒரு சிறுகோளுக்கு ருத்னெவா என்று பெயரிட்டனர்.

ரஸ்கோவா அம்மையார் 1943 ஜனவரியிலேயே புயலில் விமானம் விழுந்து இறந்துவிட்டார். அவர் தொடங்கிய இப்படையோ ஏறத்தாழ 24,000 முறை பறந்து, போலந்து வழியாக ஜெர்மனி வரை சென்றது. முப்பது பேருக்கு மேல் இழந்தது. 23 பேர் 'சோவியத் வீராங்கனை' விருது பெற்றனர்.

1945 அக்டோபரில் படை கலைக்கப்பட்டது. பெண்கள் படிப்பிற்கும் வேலைக்கும் குடும்பத்திற்கும் திரும்பினர். பிரியுமுன் ஓர் உறுதி செய்துகொண்டனர்: ஆண்டுதோறும் மே 2ஆம் நாள் மாஸ்கோவில் போல்ஷாய் நாடக அரங்கின் முன்னுள்ள பூங்காவில் சந்திப்பது. பதக்கங்களைக் குத்திக்கொண்டு, முதுமையிலும் அங்கே வந்தார்கள். 852 முறை பறந்த போப்போவா அம்மையார் 2013இல் தமது 91ஆம் வயதில் காலமானார்.