சாவியை வாங்கிக்கொள்ளும் முன்

கண்ணு,

தாத்தா எழுதிவைத்த டிரஸ்டில் உன்னையும் அறங்காவலராகச் சேர்க்கப்போகிறோம். கடைத்தெருவில் மூன்று கடை, ஒன்றேகால் ஏக்கர் நிலம், வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை. இவற்றின் வருமானத்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறேன். ஒரு ரூபாயைக்கூட நான் அபகரித்ததில்லை. ஆனாலும் என்னால் டிரஸ்டுக்கு நஷ்டம் வந்திருக்கிறது. திருடனால் அழிந்த தர்மத்தைவிட முகதாட்சண்யத்தால் அழிந்த தர்மம்தான் அதிகம் என்று நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. பெரியப்பா சொல்லிவிட்டாரே என்று தலையாட்டாதே. இந்தப் பொறுப்பை ஏற்கும்படி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு, வேண்டாம் என்று நினைத்த அன்றே கைகழுவவும் முடியாது. பத்திரத்தில் வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் விடுவிக்க வேண்டும். ஒரு வாரம் எடுத்துக்கொள். மாட்டேன் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

2. டிரஸ்ட் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை நீயே படி. வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் படி. நான் பொறுப்பேற்றபோது, ‘நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான்’ என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் வருஷம் ஒரு சந்தேகம் வந்து பத்திரத்தைப் பிரித்தபோது, தாத்தா ‘இந்தத் தாலுகாவில் உள்ள’ என்று எழுதியிருந்தார். ஒன்பது வருஷமாக ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் யார் யாரென்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

3. டிரஸ்ட் பணம் ஒரு இரவுகூட உன் பணத்தோடு படுக்கக் கூடாது. நீ சந்தியா அக்கா என்று கூப்பிடுவாயே, அவள் கல்யாணத்துக்கு முதல் நாள் கடை வாடகை நாலாயிரத்து இருநூறு ரூபாய் என் சட்டைப்பையில் இருந்தது. மேளக்காரர் முன்பணம் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் வங்கியில் கட்டினேன். கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் நடுவில் ஒரு பையன் கல்லூரிக் கட்டணச் செலானோடு பந்தல் வாசலில் வந்து நின்றான். ‘திங்கட்கிழமை வாப்பா’ என்றேன். சரி ஐயா என்று செலானை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். சனிக்கிழமை கடைசித் தேதி. அபராதத்தை அவன் அம்மா கட்டினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் செலானை மடித்த விரல்கள் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கின்றன.

4. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதே. கூட இருப்பவர் அண்ணனானாலும் சரி. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் நேரடியாகத் தனியார் டிரஸ்டுகளுக்குத்தான். ஆனாலும் நம்மைப் போன்ற தர்ம டிரஸ்டுகளைப் பார்க்கும்போது நீதிமன்றங்கள் அதன் நெறிகளையே கையில் எடுக்கின்றன. மற்ற டிரஸ்டி செய்த தவறுக்காக மட்டும் உன்னைப் பிடிக்க மாட்டார்கள். விசாரிக்காமல் பணத்தை அவர் கையில் விட்டாயா, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாயா, அப்போது உன்னையும் பிடிப்பார்கள். ஒருமுறை ஒரு சக டிரஸ்டியின் வவுச்சர்கள் எனக்கு உறுத்தின. ‘பெரிய மனுஷர், எப்படிக் கேட்பது’ என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். கேட்டிருந்தால் அவருக்கும் நல்லதாக இருந்திருக்கும். தொகை சிறியதாக இருக்கும்போதே திருத்தியிருக்கலாம்.

5. உறவுக்காரருக்குக் கடையை வாடகைக்கு விடாதே. நீயும் எடுக்காதே, டிரஸ்ட் விற்கும் எதையும், அது பழைய மேஜையாக இருந்தாலும், வாங்காதே. நியாயமான விலைதானே என்று தோன்றும். லண்டன் பக்கத்தில் ரோம்ஃபோர்டு சந்தைக் குத்தகை ஒரு சிறுபிள்ளைக்காக ஒரு டிரஸ்டியிடம் இருந்தது. குத்தகை முடிந்ததும், பிள்ளைக்குப் புதுப்பித்துத் தர முடியாது என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். டிரஸ்டி தன் பேரில் எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 1726-இல் நீதிமன்றம் குத்தகையையும் லாபத்தையும் பிள்ளைக்கே கொடுக்கச் சொன்னது. ஊரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அவர் ஒருவர்தான் எடுக்கக் கூடாது. முதலில் படித்தபோது கடுமையாகப் பட்டது. பிறகு மைத்துனன் முறை ஆகிறவருக்குக் கடை கொடுத்து, பதினோரு வருஷம் வாடகை ஏற்றக் கூச்சப்பட்டு நின்றபோதுதான் அந்தத் தீர்ப்பின் அருமை விளங்கியது.

6. நிலத்தை வருஷம் இருமுறை காலால் நடந்து பார். வரப்பு மெல்ல நகரும். பன்னிரண்டு வருஷம் கேட்காமல் விட்டால், பக்கத்து நிலத்துக்காரர் அனுபவ பாத்தியம் பேசுவார். வில்லங்கச் சான்றும் அவ்வப்போது போட்டுப் பார்.

7. கணக்கு கேட்பவரைப் பகையாளியாக நினைக்காதே. ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைப்பதோடு நிற்காதே. அன்றன்றே நோட்டில் ஏற்று. வரிவிலக்குக்காக வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்மத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதியை ஆடிட்டர் நினைவூட்டுவார். பிள்ளைகளை அவர் நினைவூட்ட மாட்டார், அது உன் வேலை. பொது தர்மம் என்றால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் அனுமதி பெற்று வழக்குப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். தர்மத்துக்கென்று அவர் விட்டுப்போன பணம் வழக்குகளில் சிக்கியது. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறந்தது 1842-இல். நாற்பத்தெட்டு வருஷம்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் படிக்காமலே பெரியவர்களாகியிருப்பார்கள்.

8. உதவி கேட்டு வருபவரை உட்காரச் சொல்லிப் பேசு. நீ கொடுப்பது உன் பணமல்ல, அவர்களுக்கென்றே தாத்தா எழுதிவைத்தது. அவர்கள் உன்னைக் கும்பிட வேண்டியதில்லை.

சரி என்று தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை வா. பீரோவின் இரண்டாம் தட்டில் பத்திரம் இருக்கிறது, மஞ்சள் துணியில் சுற்றியிருக்கும். வைப்பு ரசீதுகளையும் கடைச் சாவிகளையும் எண்ணிப் பார்த்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவோம். பெரியப்பாதானே என்று எண்ணாமல் வாங்கிக்கொள்ளாதே.