இறுவட்டை இரவல் கொடுக்கலாமா?

மண்வெட்டியை இரவல் கொடுத்தால் அது திரும்பி வரும்வரை நமக்கு மண்வெட்டி இல்லை. விதைநெல் கொடுத்தால் நம் சாக்கில் அவ்வளவு குறையும். ஆனால் கணனியை இயங்கச் செய்யும் மென்பொருளைப் பத்து வீடுகளுக்குக் கொடுத்தாலும் இறுவட்டில் ஒன்றும் குறைவதில்லை. அப்படியிருக்க, ஒன்றை வாங்கி எல்லாக் கணனிகளிலும் ஏற்றினால் அது களவாகுமா என்று பிள்ளைகள் எம்மிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

பணம் கொடுத்து நாம் வாங்குவது தட்டை அல்ல, பாவிக்கும் அனுமதியை. இதை உரிமம் என்பர். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கின்றது. விண்டோஸ் உரிமம் பொதுவாக ஒரு கணனிக்கே உரியது. புதுக் கணனியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணனியோடு கட்டுண்டது. அது பழுதாகி ஒதுக்கப்பட்டால் அனுமதியும் அதோடு போய்விடும். தனியாக வாங்கியதைப் பழைய கணனியிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றில் ஏற்றலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் வைத்திருக்க முடியாது. இறுவட்டுக்குப் பதிலாக இன்று பென்டிரைவ் வந்திருந்தாலும் விதி மாறவில்லை.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு, உரிமம் சரிதானா என்று நிறுவனமே சோதித்துப் பார்க்கின்றது. இந்தப் பூட்டை உடைத்த பிரதிகளைச் சிலர் மலிவாக ஏற்றித் தருகின்றனர். உடைத்தவர் உள்ளே வேறு எதையும் ஒளித்து வைத்திருக்கலாம். சங்கத்தின் சேமிப்புக் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் அந்தக் கணனியில் இருந்தால் நட்டம் யாருக்கு?

விலை ஏழைக்கு எட்டாதது என்பதையும் நாம் மறைக்கவில்லை. இக்காலத்தில் அறிவும் தொழில்நுட்பமும் நிலத்துக்கு இணையான உடைமையாகி வருவதை, திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991இல் விடுத்த சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். நிலத்தை இழந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஊர்ப் பொதுக்கிணறு போன்ற மென்பொருளும் உண்டு. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகையது. அதன் உரிமமே பிரதியெடுக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கின்றது. கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதே நிபந்தனை. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் இறுவட்டை 2011 வரை கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாகவே அனுப்பிவந்தனர். இன்று இணையத்திலிருந்து ஒருமுறை இறக்கினால் ஊர் முழுவதற்கும் போதும். தமிழில் தட்டச்சுச் செய்யலாம், கடிதம் எழுதலாம், கணக்கும் வைக்கலாம். சிரமமும் உண்டு: விண்டோசுக்கென்று செய்யப்பட்ட சில மென்பொருள்கள் இதில் ஓடமாட்டா, பழகச் சில வாரங்கள் எடுக்கும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கமுடியாத பழைய கணனிகள் பலவற்றில் லினக்ஸ் நன்றாக ஓடும். பாவித்த கணனி வாங்கும்போது, “எல்லாம் போட்டுத் தருகிறேன்” என்று விற்பவர் சொன்னால், என்ன உரிமத்தோடு என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெறுங் கணனியின் விலையை மட்டும் பேசுங்கள்.