வெள்ளரியில் முதலில் பூப்பது ஆண் பூ

"அது குளிர்நாட்டு விதை. நம்ம சூட்டுக்குப் பிடிக்காது."

சீக்கிரம் காய்க்கும் ஹைபிரிட் வெள்ளரியைப் பற்றி நம் நெய்யாற்றின்கரைப் பகுதியில் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் பக்கம் பேச்செடுத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். விதைப் பையில் '40 முதல் 45 நாளில் அறுவடை' என்று அச்சிட்டிருக்கும். வாங்கி நட்டவருக்கு இரண்டு மாதமாகியும் கொடிதான் கிடைத்திருக்கும், காய் கிடைத்திருக்காது. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த நம்பிக்கை என்பதால் இதைச் சட்டென்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆனால் இதில் பாதிதான் உண்மை.

வெள்ளரி குளிர்நாட்டுச் செடி இல்லை. அதன் பிறப்பிடமே இந்தியாதான். இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு மூதாதை, சின்னஞ்சிறு கசப்புக் காய்களோடு இன்றும் தானாக வளர்கிறது. மண்ணின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளரி விதை சரியாக முளைக்காது. பத்து டிகிரிக் குளிரில் இலையும் காயும் சேதமாகும். குளிர் நாடுகளில் சீக்கிரம் காய்க்கும் ரகங்களை ஏன் உருவாக்கினார்கள்? அங்கே கோடைக்காலம் குறுகியது. அடுத்த உறைபனி வருவதற்குள் காய் பறித்தாக வேண்டும். அவை குளிரை விரும்பும் ரகங்கள் என்பதைவிடக் குளிருக்கு முன்னால் ஓடி முடிக்கும் ரகங்கள் என்பதே பொருத்தம்.

நம் நாட்டிலும் இந்தக் கதை ஒரு குளிர்ப் பள்ளத்தாக்கில்தான் தொடங்கியது. இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் கட்ராயின் என்ற ஊரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு மண்டல நிலையம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த, பெண் பூக்களை மட்டுமே பூக்கும் ஒரு வெள்ளரி வரிசையை 'கிரீன் லாங் ஆஃப் நேப்பிள்ஸ்' என்ற ரகத்தோடு அங்கே கலந்தார்கள். 'பூசா சன்யோக்' என்ற ஹைபிரிட் பிறந்தது. விதைத்து ஏறத்தாழ 50 நாளில் காய் தந்தது. அதற்குச் சற்று முன்பு, 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே வேலை நடந்தது. கொரியாவிலிருந்து வந்த 'ஷோகோயின்' என்ற வெள்ளரியிலிருந்து பெண் பூக் குணத்தைப் பிரித்தெடுத்து ஹைபிரிட்டுகளில் ஏற்றினார்கள். இன்றைய ஹைபிரிட் வெள்ளரிகள் பலவற்றின் 'சீக்கிரம்' இந்தக் குணத்திலிருந்து வருவதுதான். சாதாரண வெள்ளரி கொடி நீள ஓடி, ஆண் பூவாகப் பூத்துத் தள்ளிய பிறகே பெண் பூவைக் காட்டும். இந்த ஹைபிரிட்டுகள் அடிக் கணுக்களிலேயே பெண் பூ விடும். காய் முந்துவதற்கு அதுவே காரணம்.

இனி அந்த நம்பிக்கையில் உள்ள உண்மைப் பாதிக்கு வருவோம். வெள்ளரியின் பூ ஆணா பெண்ணா என்பதை விதை மட்டும் முடிவு செய்வதில்லை. மிதமான வெப்பமும் குறுகிய பகலும் பெண் பூவைக் கூட்டும். கடும் வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும். பெண் பூ மட்டுமே விடும் என்று விற்கப்படும் ஹைபிரிட்கூட மீன மாத வெயிலில் ஆண் பூ காட்டுவதுண்டு. நம் ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட வராது. அதனால் இங்கே கவனிக்க வேண்டியது வெப்பத்தைத்தான். தனு, மகர மாதங்களில் இரவு வெப்பம் 22 டிகிரி அளவுக்கு இறங்கும். நெய்யாற்றின்கரைக்குக் கிடைக்கும் 'குளிர்காலம்' அவ்வளவே. ஆனால் சீக்கிர ரக வெள்ளரிக்கு அது போதும். துலா மழை ஓய்ந்த கையோடு விதைத்தால், பூக்கும் நாட்கள் சரியாக அந்த வாரங்களில் வந்து விழும். கும்பம் கடைசியில் விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்வது நியாயமில்லை.

விதைப்புக் காலத்தைப் பற்றியே இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற சொல்லை நம்பி, ஆடிக்கு இணையான கர்க்கடக மாதத்தில் வெள்ளரி போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பழமொழி மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, வானம் பார்த்த நிலத்துக்காரர்களின் அனுபவம். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நமக்கு இரண்டு பருவமழை. கர்க்கடகத்தில் நனைந்த இலை காய நேரமே கிடைக்காது. இலை நரம்புகளுக்கு நடுவே கோணம் கோணமாக மஞ்சள் திட்டும் அடியில் சாம்பல் பூச்சும் வந்தால் அது அடிச்சாம்பல் நோய். பத்து நாளில் ஒரு பந்தலையே காய வைத்துவிடும். திறந்த வெளியில் பாசனத்தோடு வெள்ளரி வளர்க்கக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையும் ஜனவரி முதல் மார்ச் வரையும்தான். சீக்கிர ரகத்துக்கு இவற்றில் நவம்பர், டிசம்பரை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

"பூ முழுக்க உதிர்ந்துபோச்சு, யாரோ கண் வைத்துவிட்டார்கள்."

உதிர்ந்தவை ஆண் பூக்கள். அவை ஒரு நாள் மலர்ந்து உதிர்வதற்கென்றே வந்தவை. பூவுக்குப் பின்னால் விரல் நுனி அளவில் ஒரு குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ; மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. இதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வீட்டில் பாதிப் பயம் போய்விடும். முதல் வாரத்தில் ஆண் பூவாகவே விடும் கொடியை மலடு என்று பிடுங்கி எறிவதைக் காணும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெண் பூ மட்டும் விடும் ஹைபிரிட்டில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். அந்த ரகங்களுக்கு மகரந்தம் தர ஆண் பூ விடும் வேறு ரகத்தின் விதையையும் கொஞ்சம் சேர்த்து விற்பார்கள். சில நிறுவனங்கள் அதற்கு வேறு சாயம் பூசியிருக்கும். கலப்படம் என்று நினைத்து அந்த விதைகளைப் பொறுக்கி வீசிவிட்டால் மற்றவை காய்க்காது.

பெரியவர்கள் சொல்லும் ஒன்று: பிஞ்சை விரலால் சுட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் வெம்பிவிடும். சின்ன வயதில் எல்லோரும் கேட்ட சொல்தான். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்குவது உண்மை. குற்றவாளி விரல் இல்லை, அவ்வளவே. வெள்ளரி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. காலையில் விரியும் பெண் பூ அன்றோடு முடிந்துவிடும். அதற்குள் தேனீ பல முறை வந்து போயாக வேண்டும். வராவிட்டால் பிஞ்சு வெம்பும். குறைவாக வந்தால் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக வளரும். மழை நாட்களில் தேனீ பறக்காது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. பக்கத்திலேயே மார்த்தாண்டம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் காலத்திலிருந்து பெட்டியில் தேனீ வளர்ப்பது அங்கே வீட்டுத் தொழில். ரப்பர் தோட்டத்துக்குப் பெட்டி வைப்பவரிடம் கேட்டு வெள்ளரி பூக்கும் மூன்று வாரத்துக்கு ஒன்றிரண்டு பெட்டிகளை விளையின் ஓரத்தில் வைக்கச் சொல்லலாம். சிறுதேனீக் கூடும் உதவும். மருந்து தெளிக்க வேண்டி வந்தால் மாலையில் தெளியுங்கள். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் வேண்டாம். பந்தல் சிறியதென்றால் கையே போதும்: காலை ஏழிலிருந்து பத்துக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள்.

பிஞ்சு வெம்ப இன்னொரு காரணம் பழ ஈ. பெண் ஈ பிஞ்சுத் தோலைக் குத்தி முட்டையிடும். புழு உள்ளே தின்னும். காய் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அழுகிய பிஞ்சை வாழை மூட்டில் எறிகிற பழக்கம் அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்ப்பதற்குச் சமம். பொறுக்கி ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பிஞ்சுக்குக் காகித உறை போடலாம். கியூலூர் பொறி வைத்தால் போதும் என்றும் பலர் நம்புகிறார்கள். அதில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டையிடும் பெண் ஈக்கும் சேர்த்துப் பாளையங்கோடன் வாழைப்பழத் துண்டைச் சிரட்டையில் வைக்கும் பழைய பொறியும் வேண்டும். அதில் எந்த மருந்தை எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கிருஷிபவன் வேளாண் அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். பக்கத்து விளைக்காரரும் சேர்ந்து வைத்தால்தான் பலன் தெரியும்.

இனி, பாலிஹவுஸ் என்ற பிளாஸ்டிக் கூடாரத்தைப் பற்றி. குளிர் நாட்டில் கூடாரம் வெப்பத்தைப் பிடித்து வைக்க. இங்கே நமக்கு வேண்டியது மழையைத் தடுக்கும் கூரை மட்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிய கூடாரத்தில் நண்பகல் வெப்பம் வெளியைவிட ஏறும், தேனீயும் நுழையாது. அப்படி மூடிய இடத்தில் சாதாரண ஹைபிரிட்டை நட்டால் பூ இருக்கும், காய் இருக்காது. அதற்கென்று மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்க்கும் விதையில்லா ரகங்கள் தனியாக இருக்கின்றன. டெல்லியின் 'பூசா சீட்லெஸ் குக்கும்பர்-6', கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கே.பி.சி.எச்-1' இரண்டும் அந்த வகை. திறந்த வெளிக்கு அதே பல்கலைக்கழகத்தின் 'ஹீரா', 'சுப்ரா' ஹைபிரிட்டுகள் உண்டு. எந்தக் கூரைக்கு எந்த விதை என்று கேட்காமல் வாங்குவதால் ஏற்படும் நஷ்டம்தான் மிகப் பெரியது.

"கணிவெள்ளரிப் பக்கத்தில் நட்டதால் சாலட் வெள்ளரி கசக்குது."

இது நடக்கவே முடியாது. விஷுக் கணிக்கு வைக்கும் பொன்னிற வெள்ளரி முலாம்பழத்தின் இனம். அதன் உயிரணுவில் 24 குரோமோசோம்கள். சாலட் வெள்ளரிக்கு 14. இரண்டும் இயல்பாகக் கலப்பதில்லை. கலக்கும் இரண்டு வெள்ளரி ரகங்களைப் பக்கத்தில் நட்டாலும் அந்த ஆண்டுக் காயின் ருசி மாறாது, உள்ளே உள்ள விதைதான் மாறும். கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற பொருள். சில ரகங்களில் அது பிறவியிலேயே கூடுதல். மற்றவற்றில் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கூட்டும். நான்கு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் குளமாக நிறைப்பது கசப்பை வரவழைக்கும் வழி. தொடக்கத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, பூத்த பின் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சுங்கள். காம்புப் பக்கத்தை வெட்டி, வெட்டிய துண்டால் தேய்த்து நுரை வரவழைத்தால் கசப்பு இறங்கும் என்பதில் வெட்டுவது மட்டும் பயனுள்ளது. கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம். நுரை வெறும் சாறு.

ஹைபிரிட் என்றால் மரபணு மாற்றியது என்ற அச்சத்துக்கு இடமில்லை. பூவோடு பூவைச் சேர்த்துப் பெற்ற விதைதான் அது. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றப் பயிர் 2002இல் அனுமதி பெற்ற பருத்தி மட்டுமே. அதே சமயம், நன்றாகக் காய்த்த ஹைபிரிட் கொடியில் ஒன்றைப் பழுக்கவிட்டு விதை எடுத்து வைப்பதிலும் பயனில்லை. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். சீக்கிரக் குணம் சில செடிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. விதை எடுத்து வைக்க விரும்புகிறவர்கள் நாட்டு ரகத்தையும் கணிவெள்ளரியையும் காப்பாற்றுங்கள். அந்த விதை வீட்டிலேயே இருக்க வேண்டியது.

கடைசியாகச் சந்தைக்காரர்களின் நம்பிக்கை ஒன்று: "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும், எடை கூடும்." கணிவெள்ளரிக்கு அது சரி. மகர மாதத்தில் விதைத்து, பொன்னிறம் ஏறும்வரை தரையில் கிடக்கவிட்டு, விஷுவுக்கு முன் அறுப்பதுதான் அதன் கணக்கு; பிறகு வாழைநாரில் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் கெடாது. சாலட் வெள்ளரியில் அந்த இரண்டு நாள் விதையை முற்றவைக்கும். விதை முற்றும் காயொன்று கொடியில் இருந்தால் மேலே வரும் பிஞ்சுகளுக்குச் சத்துப் போகாது, புதுப் பூவும் குறையும். சீக்கிர ரகத்தின் மொத்த விளைச்சலும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் என்பதால், தோல் மென்மையாக இருக்கும்போதே ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பறியுங்கள். பந்தலின் உள்பக்கம் இலைக்கு அடியில் மறைந்து கிடந்து முற்றிய காயையும் தேடிப் பறித்துவிடுங்கள். விற்க முடியாவிட்டாலும் புளிசேரிக்கு ஆகும்.