உங்கள் வெப்சைட்டுக்கு எந்த சோஷியல் மீடியா?

புடவை, மசாலாப் பொடி விற்க வெப்சைட் தொடங்கியும் ஆள் வரவில்லையா? இப்படிச் செய்து பாருங்கள்.

1. ஏற்கெனவே வாங்கும் பத்துப் பேரிடம், தினமும் எந்த சோஷியல் மீடியாவைத் திறந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களைப் போன்றவர்கள்தான் அடுத்து வாங்கப்போகிறவர்கள்.

2. இரண்டு தளங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதிகம் எடுத்தால் எல்லாவற்றிலும் தொடர்ந்து பதிவிட முடியாது; பாதியில் நின்றுபோன பக்கத்தைப் பார்த்தால், கடையையே மூடிவிட்டதாக நினைப்பார்கள்.

3. பொருளுக்கேற்ற தளம் பாருங்கள். புடவையின் நிறமும் முந்தானையும் கண்ணில் பட வேண்டும், அதற்கு இன்ஸ்டாகிராம். பொடி அரைப்பதைச் செய்துகாட்ட யூடியூப். அலுவலகங்களுக்கான சேவை என்றால் லிங்க்ட்இன்.

4. லிங்க் எங்கே வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் கேப்ஷனில் போட்டால் கிளிக் ஆகாது, பயோவில் போடுங்கள். யூடியூப் ஷார்ட்ஸ் விளக்கத்திலும் 2023 ஆகஸ்ட் முதல் கிளிக் ஆவதில்லை.

5. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதுவரவைப் போடுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் தினமும் புதிதாகப் போடலாம்.

6. எந்தத் தளத்திலிருந்து வெப்சைட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று மூன்று மாதம் கழித்து கூகுள் அனலிட்டிக்ஸில் பாருங்கள். லைக் வருவதும் ஆர்டர் வருவதும் ஒன்றல்ல; ஆர்டர் தரும் தளத்துக்கே நேரம் கொடுங்கள்.